புதுச்சேரிக் கடற்கரையும் மாண்ட சிப்பாய்களும்

கார்த்திகை தீபத்தன்றும் ஒவ்வொரு பௌர்ணமியன்றும் லட்சக்கணக்கான ஜனங்கள் திருவண்ணாமலைக்கு வந்து மலையை வலம்வந்து செல்கின்றனர். இந்த ஊர் ஒரு யுத்தபூமி என்று அவர்களில் யாரேனும் எண்ணியதுண்டா? ஊரோடு பழகிய நாமே எண்ணியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அருணாசலேசுவரர் ஆலயத்தின் உயர்ந்த மதில்கள் கோட்டை மதில்களாகப் பயன்பட்டன. 1757இல் பிரெஞ்சுக்காரர் இவ்வூரைப் பிடித்தனர். 1760இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1767 செப்டம்பரில், முதலில் செங்கத்திலும் பின்னர் இவ்வூரின் அருகிலும், ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறமும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபுறமுமாக நின்று பொருதனர். 1790இல் திப்பு சுல்தான் வந்து கைப்பற்றினார். யார் ஜயித்தார், யார் தோற்றார் என்பதைச் சரித்திர நூல்கள் சொல்லுகின்றன. இரண்டு பக்கத்திலும் விழுந்த சிப்பாய்கள் இந்நாட்டவரே. அவர்களில் ஒருவனுடைய பெயரையேனும் தாங்கி நிற்கும் கல் எதையும் ஊருக்குள் நாம் கண்டதில்லை.

இந்த எண்ணம் நமக்குத் திருவண்ணாமலையில் உதிக்கவில்லை என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்ளுகிறோம். புதுச்சேரிக் கடற்கரையில், பிரெஞ்சுக்காரர் எழுப்பிய ஓர் யுத்த ஞாபகச் சின்னத்தின் முன் நின்றபோதுதான் அது உதித்தது.

நண்பர் ஒருவர் இல்லத்து விசேஷத்தை முன்னிட்டுச் சென்ற வாரம் நாம் புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பிரயாணம். கீழ்பென்னாத்தூரைக் கடந்தால் செஞ்சி, அப்பால் திண்டிவனம், அதற்கப்பால் கடற்காற்று. செஞ்சியில் வண்டியை நிறுத்தாமல் போக நமக்கு எப்போதுமே மனம் வருவதில்லை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பாறைகளை வாரிக் கொட்டினாற்போல் நிற்கும் அக்கோட்டையில், 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனைக் கதைப்பாட்டில் வைத்துப் போற்றுகிறவர்கள் நம் ஜனங்கள். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓரிரவிலே பிடித்தான். 1761 வரையில் செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. கோட்டையினுள் உள்ள வேங்கடரமண சுவாமி கோயிலின் தூண்கள் அகற்றப்பட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. இந்தத் தூண்களை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

புதுச்சேரி நகரத்தை நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலையொட்டி இருப்பது வெள்ளையர் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. வெள்ளைப் பட்டணம், கறுப்புப் பட்டணம் என்று அந்நாளில் கூசாமல் பெயரிட்டார்கள். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் வீதிகளைக் கண்டு பிரெஞ்சுக்காரரின் ரஸனையை மெச்சுகிறவர்கள், 1693 முதல் 1699 வரை இவ்வூரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரரே அத்திட்டத்திற்கு அடிகோலியவர்கள் என்பதை அறியார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்த புதுச்சேரியும் இன்று நாம் காணும் புதுச்சேரி அன்று. பிள்ளையவர்கள் 1761 ஜனவரியில் காலமானார். அதே மாதத்தில் சில நாட்களுக்குள் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். துரைமார் வீடுகள் என்று இன்று யாத்திரிகர் படம் பிடித்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்களும் வளைவு வாசல்களும் பெரும்பாலும் அந்த இடிபாட்டின் மேல் பின்னர் எழுந்தவையே.

காலை வெயில் ஏறுமுன் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டோம். கப்பல்கள் கரையை அணுக முடியாத கடல் இது. ஆட்களையும் சரக்குகளையும் படகுகளே அலை கடத்தி வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். 1952ஆம் வருஷத்துப் புயலில் அது அழிந்தது. 1836இல் முதன்முதல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் இப்பொழுது விளக்கேற்றாமல் சும்மா நிற்கிறது. நகரசபை மாளிகையோ 2014 நவம்பரில் ஒரு மழை நாளில் சரிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். விழுந்ததை அப்படியே திரும்பக் கட்ட வேண்டும் என்று நினைக்கும் ஊர் பாராட்டத்தக்கதே. விழுமுன் பழுது பார்க்கும் ஊர் இன்னும் பாராட்டத்தக்கது.

சாலையின் நடுநாயகமாக மகாத்மா காந்தியின் சிலை நிற்கிறது. அதைச் சூழ்ந்து எட்டுக் கருங்கல் தூண்கள். அவைதாம் செஞ்சியிலிருந்து வந்த தூண்கள். யுத்தத்தில் வென்றவன் தோற்றவன் ஊரிலிருந்து எடுத்து வந்த கொள்ளை, யுத்தத்தையே வெறுத்த மகானுக்குக் காவல் நிற்கிறது. 1870இல் பிரெஞ்சுக்காரர் ஸ்தாபித்த டூப்ளேயின் சிலையோ இப்பொழுது கடற்கரையின் தென்கோடியில் ஒரு பூங்காவிற்குள் ஒதுங்கி நிற்கிறது. காலதேவன் செய்யும் விநோதங்களுக்கு உரை எழுத நாம் முற்படவில்லை.

காந்தி சிலைக்கு எதிர்ப்புறத்தில், சாலையைத் தாண்டினால், அந்த யுத்த ஞாபகச் சின்னம். 1937இல் கட்டி 1938 ஏப்ரலில் திறந்து வைத்தார்கள். வெண்ணிறமான மேடை, அதன் முன் தலை குனிந்து நிற்கும் வெண்கலப் போர்வீரன். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் தாயகத்திற்காக உயிர்நீத்த பிரெஞ்சிந்தியப் போராளிகளுக்கு என்ற பொருள்படப் பிரெஞ்சு மொழியில் எழுதியிருக்கிறது. சுற்றிலும் பூஞ்செடிகள். நாம் போன சமயத்தில் வாயிற்கதவு சாத்தியிருந்தபடியால் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். ஜூலை 14ஆம் தேதி பிரெஞ்சுத் தேசியத் திருநாளில் இங்கே தீபாலங்காரம் செய்து மலர்வளையம் வைக்கிறார்கள். மார்பில் பதக்கங்கள் அணிந்த தமிழ்க் கிழவர்கள் அணிவகுத்து நிற்க, இரு தேசங்களின் கீதங்களும் இசைக்கப்படுகின்றன.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இருபது வருஷங்களுக்கு மேலாக இவ்வழியே போய்வந்திருந்தும், நாம் இதற்கு முன் இச்சின்னத்தின் எதிரில் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. அதற்கு நமக்கு நியாயங்களும் இருந்தன. ஏகாதிபத்தியம் தன் சண்டைக்கு நம்மவரைக் கூட்டிச் சென்று கொன்றுவிட்டுப் பிறகு சலவைக்கல்லில் கண்ணீர் விடுவதை நாம் ஏன் மரியாதை செய்ய வேண்டும்? அதிலும் இக்கல்லை நாட்டிய சர்க்கார் எது? 1936 ஜூலை 30ஆம் தேதி இதே நகரத்தில் ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்து 12 பேரைக் கொன்ற சர்க்கார். அவர்கள் கேட்டது வேலை நேரத்தைக் குறை, சங்கம் அமைக்க விடு என்பது. அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க நேர்ந்தது என்றால் கேட்டது நியாயம் என்றுதானே பொருள்? அந்தப் பன்னிருவரும் வீழ்ந்து இரண்டு வருஷம் நிறைவதற்குள், கடற்கரையில் வேறு மரணங்களுக்கு வெண்கலச் சிலை எழும்பிற்று. பிரான்ஸுக்காக இறந்த தமிழனுக்குச் சிலை. பிரான்ஸிடம் சோறு கேட்டு இறந்த தமிழனுக்குத் தோட்டா. இதை எண்ணியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்வந்தோம்.

இம்முறை நம்முடன் வந்த புதுச்சேரி வக்கீல் நண்பரின் சிற்றப்பனார், பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். அத்தகையோரைப் புதுச்சேரி ஜனங்கள் ‘சொல்தா’ என்று அழைக்கிறார்கள். போர்வீரன் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் தமிழ் வாயில் புகுந்து அப்படி ஆயிற்று. பிரெஞ்சு சர்க்காரின் உபகாரச் சம்பளம் மாதந்தோறும் வருவதால், சொல்தா வீடு என்றால் ஊரில் ஒரு மதிப்பும் உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு. நமது நியாயங்களையெல்லாம் கூண்டில் நின்ற சாட்சியிடம் குறுக்கு விசாரணை செய்வதுபோல அவரிடம் எடுத்துரைத்தோம். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“தம்பி, நாங்கள் கூலிக்குப் போனவர்கள் என்று சொல்லுகிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நான் வாங்கினேன், இன்றைக்கும் வாங்குகிறேன். இங்கே பெயர் சொல்லிக் கும்பிடுகிறோமே, அவன் என்ன வாங்கினான்?”

நமக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷம் நீதிமன்றங்களில் வாதாடியவனுக்கு இது புது அனுபவம் என்று நண்பர் பிற்பாடு கேலி செய்தார்.

கல்லில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி நண்பரோடு நெடுநேரம் தர்க்கித்தோம். நாம் தாயகம் என்று பெயர்த்த பிரெஞ்சுச் சொல்லுக்குத் தந்தையர் நாடு என்பது நேர்ப்பொருள். வில்லியனூரிலோ பாகூரிலோ பிறந்து, ஐரோப்பாவின் குளிரில் மாண்ட ஒருவனுக்குத் தந்தையர் நாடு பிரான்ஸ் ஆவதெப்படி? இது பொய்யன்றி வேறென்ன என்று கேட்டோம். நண்பர் 1881ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அவ்வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதியிட்ட பிரெஞ்சு ஆணைப்படி, தன் ஜாதி ஆசாரச் சட்டங்களைத் துறப்பதாகக் கையெழுத்திட்டுக் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்ட எவனும் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குட்பட்டவன் ஆகலாம். மேல்ஜாதியாரில் பெரும்பாலோர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். முன்வந்து கையெழுத்திட்டவர்களில் கிறிஸ்தவர்களும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தவர்களும் மிகப் பலர். சேரியில் பிறந்தவனுக்கு அவன் சொந்த ஊர் தராத ஒரு பெயரையும், ஏட்டளவிலேனும் ஒரு சமத்துவத்தையும் அந்தக் கொடி தந்தது. அவன் அதற்காகச் சாகத் துணிந்தால், குற்றம் அவனுடையதா, அவனை அப்படி வைத்திருந்த நம்முடையதா?

தேசியவாதிக்கு இது கசப்பான கேள்வி. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி. பிரெஞ்சுக் கொடியை நாம் புகழவில்லை. மில் தொழிலாளியைச் சுட்டதும் அதே கொடிதான். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் பாரத தேசத்தோடு சேருவோம் என்று வாக்களித்ததும், நவம்பர் முதல் தேதி அக்கொடி இறங்கியதும் நம் சரித்திரத்தின் நல்ல நாட்கள். ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் அமுலுக்கு வந்தபோது, ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் விரும்பியவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கலாம் என்று விதித்தார்கள். சில ஆயிரம் பேர் அவ்வாறே எழுதிக் கொடுத்தனர். உயிரோடிருந்தவனுக்கு எந்தத் தேசம் வேண்டும் என்று தேர்ந்துகொள்ள ஆறு மாதத் தவணை கிடைத்தது. செத்துப்போனவனை அப்படி யாரும் கேட்கவில்லை. அவன் பிரெஞ்சுக்காரனா, இந்தியனா என்ற வழக்குக்கு வாதி பிரதிவாதி இருவரும் இல்லை. வழக்கு அப்படியே கிடக்கிறது.

அக்காலத்து நிலைமையையும் சேர்த்தே நோக்க வேண்டும். 1918 கோடையில் மகாத்மா காந்தியே கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து, பிரிட்டிஷ் படைக்கு ஆள் திரட்டினார். நடந்து நடந்து நோயில் வீழ்ந்தார். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், ஜெர்மானியப் பெரும்படையை எதிர்த்து நின்று வீழ்ந்த பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடினார். அவரை இவ்வூரிலிருந்து வெளியேற்றும்படி ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடிந்த 1918 நவம்பரிலேயே பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டு, எல்லை கடந்ததும் கைதானார். இத்தகைய பெரியோரே அந்த யுத்தத்தில் ஏதோ ஒரு தர்மத்தைக் கண்டார்கள் என்றால், எழுத்தறியாத ஓர் ஏழை உழவனிடம் நாம் கணக்குக் கேட்பது முறையா?

பிரெஞ்சிந்தியா சிறிய இடம். பிரிட்டிஷ் கொடியின் கீழ்ப் போன நம்மவர் தொகை அதனினும் எத்தனையோ மடங்கு. அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். சுமார் 74,000 பேர் மாண்டனர். 1931இல் திறக்கப்பட்ட டில்லி இந்தியா கேட்டில் 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிரான்ஸில் நவ் ஷப்பல் என்னுமிடத்தில் இந்தியர்களுக்கென்றே 1927இல் ஒரு மண்டபம் திறந்தார்கள். சென்னையில் கோட்டைக்குத் தெற்கே கடற்கரையை நோக்கியும் ஒரு வட்ட மண்டபம் உண்டு. நம் பக்கத்து வேலூர் ஜில்லாவில் கம்மவான்பேட்டை என்னும் கிராமத்துக்கு, வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பதால், ராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. அப்பெயரில் பெருமையும் இருக்கிறது, வறண்ட நிலத்தின் வறுமையும் இருக்கிறது. வட ஆர்க்காட்டு வானத்தை நம்பியிருக்கும் குடியானவன் வீட்டில் இரண்டாவது பிள்ளை பட்டாளத்துக்குப் போவது புதிய வழக்கமன்று.

திரும்பும் வழியெல்லாம் நமது மனம் வேறொரு கல்லின்மேல் சென்றது. வேலிக்குள் பூஞ்செடி சூழ நிற்கும் வெண்கலப் போர்வீரனுக்கு முன்னோர்கள் நம் ஜில்லாவிலேயே இருக்கிறார்கள். செங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறை படித்து, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாகவே வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல்லைப் பற்றி மாத்திரம் சொல்லுகிறோம். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்டான். அவனுடன் இருந்த நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாம். வீரன் உருவமும் நாயின் உருவமும் ஒரே கல்லில் இருக்கின்றன. நாயின் பெயரும் எழுத்தில் இருக்கிறது.

ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன், ஓர் எருமைக் கொட்டிலுக்காக இறந்தவனுக்கும் அவன் நாய்க்கும் கல்லெடுத்துப் பெயர் பொறித்த நாடு இது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் அச்சடங்கை வகுத்திருக்கிறது. அக்கற்களில் அரசன் பெயர் ஆண்டைக் குறிக்கத்தான் வருகிறது; கல்லுக்குரியவன் இறந்தவன். அவன் எந்த அரசனுக்குட்பட்டவன், அந்த அரசன் நல்லவனா கெட்டவனா என்று ஊரார் ஆராயவில்லை. எங்கள் ஊரான் விழுந்தான் என்றே எழுதினார்கள். நாம் இருபது வருஷமாகப் புதுச்சேரிக் கடற்கரையில் கொடியைப் பார்த்துக்கொண்டு ஆளைப் பார்க்கத் தவறியதை எண்ணும்போது, பல்லவர் காலத்து மந்தைக்காரர்கள் நம்மைவிடத் தெளிந்த புத்தியுள்ளவர்கள் என்றே படுகிறது.

எனவே செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லுகிறோம். பிரான்ஸுக்காக மாண்டவர் என்று அந்நாட்டு சர்க்கார் பதிந்து வைத்த ஏடுகளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை இப்பொழுது யாரும் பார்க்கும்படி கணினி வழியே திறந்திருக்கின்றன. அவற்றில் பிறந்த ஊர், இறந்த நாள், இறந்த இடம் எல்லாம் உண்டு. பிரெஞ்சும் தமிழும் அறிந்த இளைஞர்களுக்குப் புதுச்சேரியில் குறைவில்லை. அங்கே பிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, பெயரைத் தமிழில் எழுதி, ஊர் ஊராகப் பிரித்து ஒரு சிறு நூலாக வெளியிடப் புதுச்சேரி அரசாங்கத்துக்கு ஆகும் செலவு அற்பம். 1936இன் பன்னிருவர் பெயரும் அதே நூலில் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். இரு சாராரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் அந்த ஆட்சியின் முழு உருவம் தெரியும். பிரிட்டிஷ் படையில் மாண்ட நம் ஜில்லாவினருக்கும் இத்தகைய பட்டியல் வேண்டும். மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று பொறித்த பலகைகளை அந்நாளைய சர்க்கார் தேசத்தின் பல கிராமங்களில் பதித்தது. அவற்றில் எண் உண்டு, பெயர் இல்லை. எண்ணுக்குரிய பெயரை அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே தேடி எழுதலாம்.

நடுகற்களின் விஷயம் இன்னும் அவசரமானது. நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரம் கல்லில் இருப்பது எழுத்தா, வெறும் கீறலா என்று பார்ப்பதில்லை. தம் வயலில் இத்தகைய கல்லைக் காண்பவர்கள் அதை வரப்புக்கோ படிக்கட்டுக்கோ உபயோகிக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையினரிடமோ தெரிவிக்கும்படி வேண்டுகிறோம்.

1914 முதல் 1918 வரையிலோ, 1939 முதல் 1945 வரையிலோ பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் யாருடைய குடும்பத்திலேனும் இருந்தால், அவருடைய பெயர், ஊர், தெரிந்தால் படைப் பிரிவு, வீட்டில் எஞ்சியிருக்கும் பதக்கமோ கடிதமோ ஆகியவற்றின் விவரத்தை நமக்கு எழுதியனுப்புமாறு திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டங்களிலுள்ள நேயர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். வருகிறவற்றை ஞாயிறுதோறும் இப்பக்கத்தில் வெளியிடுவோம். அவர் எந்தக் கொடியின் கீழ்ப் போனார் என்பதை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.